நாடகத்துக்கு உடை தைக்கப் போகிறீர்களா? ஐம்பது விநாடிக் கணக்கை முதலில் போடுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைக்கிறவள் நான். இருபத்திரண்டு வருடமாக ஒரே சந்து, ஒரே மெஷின். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எதிர்வீட்டுப் பையன் வந்து, "அக்கா, நாங்க ஒரு நாடகம் போடுறோம். பதினோரு பேரு. துணி மட்டும் நீங்க பார்த்துக்கோங்க" என்றான். "மட்டும்" என்று அவன் சொன்னதை நம்பி ஒத்துக்கொண்டேன். அந்த மாதம் தீபாவளி பிளவுஸ் வேறு முப்பது கையில் இருந்தது.

அதற்கப்புறம் பதினான்கு நாடகம் ஆகிவிட்டது. பாரிமுனைப் பக்கம் ஏசி அரங்கத்துக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறேன். வியாசர்பாடியில் மைதானத்து மண்ணில் புரளுகிற நாடகத்துக்கும் தைத்திருக்கிறேன். புதிதாக இந்த வேலையில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லில் 1921-ல் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எங்கள் ஏரியாப் பிள்ளைகள் போட்டது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிப்பதில் தொடங்கி, 1921 ஆகஸ்ட் துப்பாக்கிச் சூட்டில் முடியும். பதினோரு நடிகர், இருபத்தாறு வேஷம், கையில் 18,000 ரூபாய். என் அப்பா அந்த மில்லில்தான் ஸ்பின்னிங்கில் இருந்தார், 1996-ல் மூடும் வரை. அதனால் இந்த நாடகம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொண்டது.

கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்

நாடகப் பிரதியை மூன்று முறை படியுங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை யார் எங்கே வருகிறார்கள் என்று பார்க்க. மூன்றாம் முறை, மேடையில் அவர்கள் உடம்பை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்க: ஓடுகிறார்களா, விழுகிறார்களா, யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா, யாரையாவது தோளில் தூக்குகிறார்களா.

பிறகு ஒரு பட்டியல். நான் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் போடுவேன், தாள் பெரியது, சுவரில் மாட்டலாம். காட்சி எண், நடிகர் பெயர், என்ன வேஷம், என்ன உடுப்பு, வலதுபக்கம் நுழைகிறாரா இடதுபக்கமா, கடைசிக் கட்டத்தில் அடுத்த வேஷத்துக்கு எத்தனை நேரம் இருக்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப் போவது அந்தக் கடைசிக் கட்டம்தான். எங்கள் நாடகத்தில் இரண்டு நிமிடத்துக்குள் மாற்ற வேண்டிய இடம் ஏழு இருந்தது. அதில் ஒன்று ஐம்பது விநாடி: கூட்டத்தில் கோஷம் போடுகிற தொழிலாளி அடுத்த காட்சியில் அதே கூட்டத்தை அடிக்கிற கான்ஸ்டபிளாக வர வேண்டும். அந்த ஒரு மாற்றம்தான் மற்ற எல்லாத் தையலையும் முடிவு செய்தது.

டைரக்டரிடம் "என்ன கலர் வேணும் சார்?" என்று கேட்காதீர்கள். "மண் கலர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். "இவன் வேட்டியை யார் துவைக்கிறாங்க? கடைசியா எப்ப துவைச்சாங்க?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் யோசித்தாக வேண்டும். யோசித்து அவர் சொல்வதில் பாதி உடை கிடைத்துவிடும்.

மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கவும் பழகுங்கள். அந்த வேலைநிறுத்தத்தின் போது தொழிலாளர்களே இரண்டாகப் பிரிந்து புளியந்தோப்பில் கலவரம் வரை போனது. டைரக்டர் தம்பி, "அக்கா, அந்தப் பக்கம் ஒரு கலர், இந்தப் பக்கம் ஒரு கலர் குடுத்துடலாம், ஆடியன்ஸுக்குப் புரியும்" என்றான். நான் முடியாது என்றேன். ஒரே மில்லில், ஒரே தறியில் நின்றவர்கள், ஒரே துணிதான் கட்டியிருப்பார்கள். நிறத்தை வைத்துப் பிரித்துக் காட்டினால் பார்க்கிறவர்கள் கிரிக்கெட் மேட்ச் பார்ப்பதுபோல் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், அப்புறம் சரி என்றான்.

அந்தக் காலத்தில் இல்லாதவை

பழைய காலத்து நாடகம் என்றால் என்ன இருந்தது என்று தேடுவதைவிட, என்ன இல்லை என்று பட்டியல் போடுவது சுலபம். 1921 என்றால் பாலியஸ்டர் கிடையாது, அது 1941-ல் கண்டுபிடித்தது. நைலான் 1930-களில். அதனால் பளபள என்று விழுகிற சேலை எதுவும் மேடைக்கு ஏறக்கூடாது. பேன்ட்டில் ஜிப் வைத்தால் தப்பு, மில் மேனேஜர் துரைக்குக்கூட பட்டன்தான். கைக்கெடிகாரத் தழும்பு, பச்சை குத்தின இங்கிலீஷ் எழுத்து, ரப்பர் செருப்பு, கம்பெனி பெயர் போட்ட பனியன் பட்டி, இதையெல்லாம் டிரஸ் ரிகர்சலில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் தைத்தவர்கள், நம் கண்ணுக்குத் தெரியாது.

தொழிலாளிக்கு வேட்டி, துண்டு, சிலருக்குச் சட்டை, தலையில் முண்டாசு. தொழிற்சங்கத் தலைவர் திரு.வி.க. வேஷத்துக்குக் கதர். கதரை நிஜமாகவே கதராக வாங்குங்கள். மில் துணியை நனைத்துக் கசக்கினால் கிட்டத்தில் ஏமாற்றலாம், ஆனால் விளக்கு வெளிச்சத்தில் கதர் விழுகிற விதமே வேறு.

காக்கிதான் என்னை அலையவிட்டது. அந்த மில்லே காக்கித் துணிக்குப் பேர்போனது, பட்டாளத்துக்கெல்லாம் போனது. அப்பா டிரங்குப் பெட்டியில் ஒரு முழம் துண்டு இன்றும் இருக்கிறது. கையில் எடுத்தால் கனம் தெரியும். நெசவில் சாய்வாகக் கோடு ஓடும், நகத்தால் கீறினால் சொரசொர என்று சத்தம் வரும். இப்போது யூனிஃபார்முக்கு விற்கிற காக்கி டெரிகாட்டன், மெல்லிசு, ஒரு மாதிரி மினுக்கும். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கோடவுன் தெருவில் கடை கடையாக ஏறினேன். ஒரு பெரியவர் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தத் துணியை எங்கேம்மா புடிச்சே?" என்றார். எங்கப்பா மில்லு என்றேன். கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய், சோபா உறைக்குப் போகிற கனமான காட்டன் டிரில் கொண்டுவந்து போட்டார். நிறம் வெளிர் பழுப்பு. நெசவு அதே சாய்வு. இருபது மீட்டர் எடுத்தேன், தேயிலைச் சாயத்தில் ஒரு முக்கு, காக்கியாகிவிட்டது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கடைக்கு வாயோடு போகாதீர்கள், ஒரு துண்டோடு போங்கள். "காக்கி குடுங்க" என்றால் காக்கி கொடுப்பார்கள். துண்டைக் கொடுத்தால் யோசிப்பார்கள்.

பெண் வேஷங்களில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் காலத்தில் உழைக்கிற பெண்கள் பலர் ரவிக்கை போட்டதில்லை. பழமைக்கு உண்மையாக இருக்கிறேன் என்று நடிக்க வந்த பெண்ணை நெளியவிடக் கூடாது. அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, "உனக்கு எது சரிப்படும், சொல்லும்மா" என்று கேட்டேன். கடைசியில் முரட்டுத் துணியில், கொக்கி இல்லாமல் முன்பக்கம் முடிச்சுப் போடுகிற ரவிக்கை தைத்தேன். என் ஆயா சாகும்வரை அதைத்தான் போட்டிருந்தாள், அளவு எனக்கு மனப்பாடம்.

அளவு

நடிகர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற அளவை நம்பாதீர்கள். ஆண்கள் இடுப்பை இரண்டு இஞ்சு குறைத்துத்தான் சொல்வார்கள். நேரில் வரச் சொல்லி, நிற்கவைத்து எடுங்கள், அப்புறம் குந்தவைத்து எடுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, கக்கத்திலிருந்து இடுப்பு வரை ஒரு அளவு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். கோஷம் போடுகிற நாடகத்தில் கைகள் முக்கால்வாசி நேரம் மேலேதான் இருக்கும். சாதாரணச் சட்டை அளவில் தைத்தால் முதல் கோஷத்திலேயே தொப்புள் தெரியும், இரண்டாவதில் கக்கம் கிழியும். கக்கத்தில் நாலு இஞ்சு சதுரத் துண்டு ஒன்றைக் கோணலாக வைத்துத் தைத்துவிட்டால் கிழியாது. நம் பாட்டிமார் ரவிக்கையிலெல்லாம் அந்தத் துண்டு இருந்தது.

உள்ளே பக்கத்துக்கு ஒன்றரை இஞ்சு விட்டுத் தையுங்கள். காரணம், கடைசி வாரத்தில் ஒரு நடிகர் கட்டாயம் மாறுவார். ஒருவருக்கு வேலையில் ஷிஃப்ட் மாறும், ஒருவருக்கு டைரக்டரோடு சண்டை வரும். ஒல்லிப் பையன் போய்க் குண்டுப் பையன் வருவான். தையலைப் பிரித்துவிட்டால் முடிந்தது. அவரவர் பெயரைக் காலருக்கு உள்ளே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். வேஷத்தின் பெயரை எழுதாதீர்கள், இருபத்தாறு வேஷத்தில் குழம்பிப்போவீர்கள்.

விளக்குக்குக் கீழே எல்லாம் பொய்

கடை வெளிச்சத்தில் பார்த்து வாங்கிய நிறம் மேடையில் அப்படியே வரும் என்று நினைத்தால் போச்சு. நீல விளக்கில் சிவப்பு கறுப்பாகத் தெரியும். மஞ்சள் விளக்கில் நீலம் செத்துப்போகும். பளீர் வெள்ளை எந்த விளக்கிலும் கண்ணைக் கூசவைக்கும், நடிகர் முகம் தெரியாது, வேட்டிதான் தெரியும். அதனால் மேடைக்குப் போகிற வெள்ளை எதையும் ஒருமுறை லேசான தேயிலைத் தண்ணீரில் முக்கிவிடுவேன். சொட்டு நீலம் வேண்டவே வேண்டாம்.

லைட்காரரை டிரஸ் ரிகர்சலில்தான் முதல்முறை பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முன்னாலேயே ஒரு டீ வாங்கிக் கொடுத்து எந்தக் காட்சிக்கு என்ன நிறம் போடப் போகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் சோதித்துப் பார்க்கச் செலவு பத்து ரூபாய்: ஸ்டேஷனரிக் கடையில் கலர் கண்ணாடித் தாள் வாங்கி, செல்போன் டார்ச்சின் மேல் சுற்றி, இருட்டறையில் துணிமேல் அடித்துப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான் மேடையில் வரப்போவது.

அப்புறம் செல்போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ. எங்கள் முதல் ரிகர்சலில் பதினோரு பேரும் மண் கலரில், பின்னால் பழுப்புத் திரை. போட்டோவில் பதினோரு தலையும் பத்தொன்பது கையும் மட்டும் மிதந்தன. மூன்று பேர் எங்கே என்றே தெரியவில்லை. கதாநாயகனுக்கு வெளுத்துப்போன பச்சைத் துண்டு, அவன் மனைவிக்கு அடர் நீலச் சேலை, அவன் அண்ணனுக்குச் சட்டையில்லாத உடம்பு என்று மாற்றினோம். சின்னச் சின்னப் பூப்போட்ட சீட்டி பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் ஒரே சாம்பல்தான், அதற்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

புதுத்துணியைக் கிழடாக்குவது

இதுதான் எனக்குப் பிடித்த வேலை. தைத்துப் பழகினவர்களுக்கு இதற்குத்தான் கையே வராது, நல்ல துணியைக் கெடுக்க மனசு வராது.

முதலில், நிஜமாகவே பழைய துணி கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவுக்குப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மா ஒருவர் வருவார். நான் எவர்சில்வர் கிண்ணம் எதுவும் கேட்காமல் அவரிடமே துணியைக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். பத்து வருடம் துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியை எந்தச் சாயத்தாலும் கொண்டுவர முடியாது. விலை கிலோ கணக்கு. கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்துவிட்டுத் தொடுங்கள்.

புதியதைத்தான் பழையதாக்க வேண்டும் என்றால், கஞ்சி போக இரண்டு தடவை அலசுங்கள். எட்டு வேட்டிக்குப் பத்து லிட்டர் தண்ணீர், கால் கிலோ டஸ்ட் தேயிலை, கைப்பிடி கல்லுப்பு. நன்றாகக் கொதித்ததும் வடிகட்டிவிட்டு, நனைத்துப் பிழிந்த வேட்டியைப் போட்டு இருபது நிமிடம் புரட்டிக்கொண்டே இருங்கள். புரட்டாமல் விட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். நிழலில் காயவையுங்கள். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்ததும் வெளிறும், பயப்படாதீர்கள்.

அப்புறம் உப்புத்தாள். ஒரு துணி எங்கெங்கே தேயும் என்று உங்கள் வீட்டு ஆம்பிளைகள் துணியை எடுத்துப் பாருங்கள்: காலர் மடிப்பு, முழங்கை, பாக்கெட் வாய், உட்காருகிற இடம், வேட்டிக் கரை தரையில் உரசுகிற ஓரம். அங்கே மட்டும் தேயுங்கள். எல்லா இடத்திலும் சமமாகத் தேய்த்தால் அது பழசாகத் தெரியாது, மட்டமான துணியாகத் தெரியும். எண்ணெய்க் கறைக்கு நிஜ மெஷின் ஆயிலைத் தொடாதீர்கள், ஒரே மூட்டையில் வைத்தால் எல்லாத் துணியிலும் ஏறும். கறுப்பும் பழுப்பும் கலந்த ஃபேப்ரிக் பெயின்டை ஸ்பான்ஜில் தொட்டு, கையைத் துடைக்கிற இடத்தில், அதாவது தொடைக்குப் பக்கவாட்டில் ஒற்றுங்கள். வலது கைக்காரனுக்கு வலது தொடையில் அதிகம்.

எல்லாம் முடித்துவிட்டு ரிகர்சல் பார்த்தபோதும் ஏதோ குறைந்தது. தொழிலாளி மாதிரிதான் இருந்தார்கள், மில் தொழிலாளி மாதிரி இல்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வருவார், தலைமுடியிலும் புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தி முந்தானையால் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். மறுநாள் ஒரு பழைய தலையணையைப் பிரித்தேன். நடிகர்கள் தலையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், மேலே இலவம்பஞ்சை உதிர்த்துத் தூவல், தோளில் கொஞ்சம். பின்னாலிருந்து விளக்கு விழுந்ததும் பதினோரு தலையைச் சுற்றியும் நூல் நூலாகப் பஞ்சு மின்னியது. அரங்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெரம்பூர்க்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தன் தலையைத் தட்டிக் காட்டினார். மொத்தச் செலவு ஒரு தலையணை. இலவம்பஞ்சு கொஞ்சம் மூக்கில் ஏறும், தும்மல் வருகிற நடிகரைப் பார்த்துப் போடுங்கள்.

அந்த ஐம்பது விநாடி

இப்போது கான்ஸ்டபிளுக்கு வருகிறேன். பழைய கதைகளில் போலீஸ் என்றாலே சிவப்புத் தலைப்பாகைதான், அதனால் காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் டிரவுசர், சிவப்புத் தலைப்பாகை என்று முடிவு செய்திருந்தோம். தொழிலாளிக்கு வேட்டி, துண்டு, முண்டாசு. முதல் தடவை கடிகாரம் வைத்துப் பார்த்தோம்: 2 நிமிடம் 10 விநாடி. பையன் டிரவுசரில் ஒரு காலைவிட்டு நொண்டிக்கொண்டு மேடைக்கு ஓடினான்.

செய்தது இது. டிரவுசர் முதல் காட்சியிலிருந்தே வேட்டிக்கு உள்ளே. பின்னிடுப்பில் எலாஸ்டிக், புடைப்பு தெரியாது. வேட்டி கட்டத் தெரியாத பிள்ளைகள், அதனால் இடுப்பில் பட்டி வைத்துத் தைத்துவிட்டேன், ஒரு இழுப்பில் கழன்று விழும். சட்டையில் முன்பட்டியில் பட்டனெல்லாம் மேலே சும்மா தைத்தது. காஜாவே எடுக்கவில்லை. உள்ளே மூன்று பெரிய டிச் பட்டன், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கலாம். தலைப்பாகை ஒவ்வொரு தடவையும் சுற்றுகிற கதையே இல்லை: பனியன் துணியில் தலைக்குப் பொருந்துகிற குல்லா தைத்து, அதன்மேல் சிவப்புத் துணியைச் சுற்றி அங்கங்கே தையல் போட்டுவிட்டேன். தொப்பி மாதிரி எடுத்து மாட்டவேண்டியதுதான். பெல்ட்டுக்குப் பக்கிளுக்குப் பின்னால் கொக்கி.

அப்புறம் ஆட்கள். உடை மாற்றுகிற நடிகர் எதையும் செய்யக் கூடாது. இரண்டு கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். மேலே ஒருவர், கீழே ஒருவர். துணிகளை நாற்காலியில் அடுக்கும்போது கடைசியாகப் போடுவதை அடியில் வைக்க வேண்டும். டார்ச்சுக்கு நீலக் கண்ணாடித் தாள் சுற்றி, வாயில் கவ்விக்கொள்ள வேண்டும். கழற்றினது எதுவும் தரையில் விழாமல் ஒரு பக்கெட்டில் போக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து ஓடிவருகிறவன் வேட்டியில் சிக்கி விழுவான். இதை நாடகத்தோடு சேர்த்து ஒத்திகை பார்த்தால் போதாது, தனியாக இருபது தடவை செய்ய வேண்டும். எங்களுக்கு 1.20 ஆகி, 58 ஆகி, கடைசியில் 43 விநாடிக்கு வந்தது. மிச்சம் ஏழு விநாடியில் பையன் ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

வெல்க்ரோவைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் முதலில் வேட்டிக்கு அதைத்தான் வைத்தேன், வேகமாக ஒட்டும், வேகமாகப் பிரியும். அரங்கேற்றத்தன்று மேடையில் ஒரு தாய் இறந்த மகனின் தலையை மடியில் எடுத்து வைக்கிறாள். சத்தமே இல்லை. ஏசி ஓடுகிற சத்தம் மட்டும். பின்னாலிருந்து "டர்ர்ர்" என்று ஒரு சத்தம். யாரோ சிரித்துவிட்டார்கள். அன்று ராத்திரியே எல்லாவற்றையும் பிரித்து டிச் பட்டனாக மாற்றினேன். வெல்க்ரோ வைத்தால் கைதட்டலோ பறையோ இருக்கிற இடத்தில் மட்டும் வையுங்கள்.

போலீஸ் உடுப்பில் இன்னொன்று. வேறு ஒரு நாடகத்தில், இந்தக் காலத்து இன்ஸ்பெக்டர் வேஷம் போட்ட தம்பி இடைவேளையில் அப்படியே டீக்கடைக்குப் போய்விட்டான். கடைக்காரர் காசு வாங்கவில்லை. ஹெல்மெட் இல்லாமல் வந்த இரண்டு பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இவனுக்கு ஒரே சந்தோஷம். அரசு ஊழியர் உடுப்பை ஏமாற்றுகிற எண்ணத்தோடு போடுவது சட்டப்படி குற்றம், அவன் எண்ணத்தை நின்று விசாரிக்கப் போவது யார்? மேடையை விட்டு இறங்கினால் மேலே ஒரு துண்டாவது போர்த்தச் சொல்லுங்கள். நிஜ முத்திரை, நிஜப் பெயர்ப்பட்டை வேண்டாம்.

ரத்தம், வியர்வை

சுடுகிற காட்சிக்கு ரத்தம் வேண்டும் என்றதும் ஒரு பையன், "ஆரத்தி கரைச்சுடலாம்கா, மஞ்சளும் சுண்ணாம்பும்தானே" என்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் சிவப்பு போய் மஞ்சளாகி, துவைத்த பிறகும் மஞ்சளாகவே நின்றது. மறுநாள் நாடகம் போடும்போது அந்த வேட்டி கல்யாண வீட்டு வேட்டி. சர்க்கரைப் பாகில் கலர் கலந்து பார்த்தோம், கிரீன் ரூமில் எறும்பு. கடைசியில் நின்றது சோளமாவுக் கஞ்சி, சிவப்பு ஃபுட் கலர், நிறத்தைக் கறுக்கவைக்க ஒரு சிட்டிகை கோகோ பவுடர், ஒரு ஸ்பூன் ஷாம்பூ. அன்றன்று காய்ச்சுங்கள், மறுநாள் நாறும். ஒரு சின்ன ஸ்பான்ஜை அதில் நனைத்து மெல்லிய பாலிதீன் கவரில் கட்டி, ஊசியால் ஐந்தாறு ஓட்டை போட்டுத் துண்டுக்கு உள்ளே தைத்தேன். விழுகிறவன் கையை வைத்து அமுக்கினால் ஊறிக்கொண்டு வரும். முடிந்தவுடன் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், வெந்நீர் வேண்டாம். அப்படியும் லேசாகக் கறை நிற்கும், சாகிற நடிகருக்கு மட்டும் வேட்டி இரண்டு வைத்துக்கொள்வதுதான் வழி. காட்சியில் நீல விளக்கு இருந்தால் ரத்தம் தார் மாதிரி தெரியும், லைட்காரரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

நம் ஊர் வியர்வைக்குத் தனி ஏற்பாடு. ஒவ்வொரு காக்கிச் சட்டைக்கும் அடியில் காட்டன் பனியன். சனி ஞாயிறு அடுத்தடுத்துக் காட்சி என்றால் கனத்த துணி துவைத்தால் காயாது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, கக்கத்தில் உள்பக்கமாக அடித்து ஃபேனுக்குக் கீழே தொங்கவிட்டால் காலையில் வாடை இருக்காது. முதலில் ஒரு மூலையில் அடித்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். பந்தமோ அரிக்கேனோ வருகிற காட்சியில் பாலியஸ்டர் கட்டவிடாதீர்கள், அது உருகித் தோலில் ஒட்டும். காலர் மைக் என்றால் அதன் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இடுப்பில் துணிப்பை தைத்துப் போடுங்கள். வெற்றுடம்பு வேஷத்துக்கு மைக்கை முடிக்குள் ஒட்ட வேண்டிவரும், அதையும் பட்டியலில் எழுதுங்கள்.

பின்னால் வைத்துக்கொள்கிற டப்பா: நூறு ஊக்கு, மூன்று சைஸ். கறுப்பு, வெள்ளை, காக்கி நூல் கோத்த ஊசி ஆறு. எலாஸ்டிக், டபுள் சைட் டேப், சாக்பீஸ். கத்தரிக்கோலைக் கயிறு போட்டு டப்பாவோடு கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் செட் போடுகிறவர்கள் எடுத்துப்போய் அட்டை வெட்டுவார்கள்.

பணம்

18,000 இப்படிப் போனது. துணி 7,400. பழைய துணி 1,200. துரை கோட்டு மூன்று நாள் வாடகை 1,800, முன்பணம் தனி. தலைப்பாகை, பெல்ட், செருப்பு 2,100. தேயிலை, பெயின்ட், ஊக்கு, பட்டன் 900. எம்மிங் பண்ண வந்த பெண்ணுக்கு 1,600. மிச்சம் 3,000 எனக்கு, ஆறு வாரத்துக்கு. அந்த ஆறு வாரத்தில் பிளவுஸ் தைத்திருந்தால் இதைப்போல் எத்தனை மடங்கு என்று நான் கணக்குப் போடவில்லை, என் வீட்டுக்காரர் போட்டார். அதிலிருந்து என் கூலியைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். கடைசி வரியில் எழுதினால் மிச்சம்தான் வரும்.

கடைசிக் காட்சி முடிந்த ராத்திரி எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். உருப்படி எண்ணாமல் யாரையும் வெளியே விடாதீர்கள், பட்டியலில் டிக் போட்டு ஒவ்வொன்றாக வாங்கி மூட்டை கட்டுங்கள். பாக்கெட்டையெல்லாம் துழாவுங்கள், வாடகைக் கோட்டில் பாக்குப் பொட்டலம் இருந்தால் முன்பணத்தில் பிடித்துவிடுவார்கள். துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, வேப்பிலைக் கொத்து போட்டுக் கட்டி வையுங்கள். அடுத்த நாடகத்துக்குப் பாதித் துணி அதிலிருந்தே வரும்.

நான் அன்று பிரியாணிக்குப் போனேன். ஆறு தலைப்பாகையில் ஐந்துதான் திரும்பி வந்தது. ஆறாவதைப் போட்டுக்கொண்டு எடுத்த செல்ஃபியை அந்தத் தம்பி இன்னும் வாட்ஸ்அப் டிபியில் வைத்திருக்கிறான், கேட்டால், "வீட்ல தேடுறேன்கா" என்கிறான்.